“பிரசவ வகுப்பு எடுக்கிறேன்” என்று கூச்சமில்லாமல் எப்படிச் சொல்வது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிப் போட்டுவிடுகிறேன், நடுவில் வந்து படிக்கிறவர்களுக்கும் விளங்கட்டும். வயது 32, பிசியோதெரபி படித்தவர், மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை, அது ஆபரேஷனில் பிறந்தது. போன வருடம் பிரசவக் கல்விப் பயிற்சியை முடித்துவிட்டு மதுரை கே.கே. நகரில் மாடியில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து நாலு மாதம் ஆகிறது. இதுவரை வந்தது மூன்று பேர், அதில் இரண்டு பேர் சொந்தக்காரப் பிள்ளைகள், அவர்களிடம் காசு வாங்கவில்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடலாம் என்று டைப் செய்து செய்து அழித்துவிடுகிறீர்கள். ‘எனக்கே சிசேரியன், நான் போய் ஊருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றால் சிரிக்க மாட்டார்களா, தன்னம்பிக்கை எங்கிருந்து வரும்’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் இதே ஊர்தான். பிரசவ வார்டில் ஏழு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு இந்த வகுப்பை ஆரம்பித்துப் பதினொரு வருடம் ஓடிவிட்டது. முதல் ஒன்றரை வருடம் நான் பட்ட கூச்சத்துக்கு முன்னால் உங்களுடையது ஒன்றுமே இல்லை. யாராவது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் ‘சும்மா, யோகா மாதிரி’ என்று முனகிவிட்டுப் பேச்சை மாற்றுவேன். யோகாவுக்கும் எனக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது.

தன்னம்பிக்கைக்குக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகச் சொல்லுவார்கள். செய்தேன். கண்ணாடியிடம் பிரமாதமாகத்தான் பேசினேன், அது திருப்பிக் கேள்வி கேட்காதே. கேட்டது பக்கத்து வீட்டு அப்பத்தா. ‘ஏம்த்தா, பிள்ளை பெத்துக்கிறதுக்குமா கிளாஸு? நாங்கல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயி எட்டுப் பெத்தோம்?’ அந்த ஒரு கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல முடிந்த அன்றைக்குத்தான் என் கூச்சம் பாதி கழன்றது. அதனால் ரீல்ஸ், போஸ்டர் எல்லாம் அப்புறம் வைத்துக்கொள்வோம்.

உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்தியது ‘எனக்கே சிசேரியன்’ என்ற வார்த்தைதான். அதில்தான் முடிச்சு இருக்கிறது. நீங்கள் உங்களை அறியாமலேயே சுகப்பிரசவத்தை விற்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தன்னிடம் இல்லாத சரக்கை விற்கப் போகிறவனுக்கு வாய் குழறத்தான் செய்யும், அதைக் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன், மனசாட்சி இருக்கிறது என்றுதான் சொல்லுவேன். யார் கையிலும் சுகப்பிரசவம் இல்லை. டாக்டர் கையிலும் முழுசாக இல்லை.

நான் இதைக் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். ஆரம்பித்த இரண்டாவது வருடம், கூச்சத்தை ஒரேயடியாக உடைத்துவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு மேலமாசி வீதிப் பக்கம் ஒரு அச்சகத்தில் ஆயிரம் நோட்டீஸ் அடித்தேன். ரோஸ் கலர் தாள், மேலே ‘சுகப்பிரசவம் இனி உங்கள் கையில்!’ என்று கொட்டை எழுத்து, ஆச்சரியக்குறி வேறு. அதைப் பார்த்துத் திருநகரிலிருந்து ஒரு பெண் வந்தாள். எட்டு வகுப்பும் தவறாமல் வந்தாள், மூச்சுப் பயிற்சியை நோட்டில் எழுதி வைத்துக்கொள்வாள், புருஷனையும் இழுத்துக்கொண்டு வருவாள். கடைசியில் பனிக்குடம் உடைந்து, பதினாலு மணி நேரம் வலி எடுத்து, பிள்ளையின் இதயத் துடிப்பு இறங்குகிறது என்று ராத்திரியோடு ராத்திரியாக ஆபரேஷன். தாயும் பிள்ளையும் நலம். போன் போட்டேன், ‘நல்லா இருக்கேன்க்கா’ என்று வைத்துவிட்டாள். ஆறேழு மாதம் கழித்துத் தெப்பக்குளத்தைச் சுற்றிச் சாயங்காலம் நடந்துகொண்டிருக்கிறேன், எதிரே இடுப்பில் பிள்ளையோடு அவள். என்னைப் பார்த்ததும் சடாரென்று சுண்டல் வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் விடவில்லை, கிட்டப் போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. ‘உங்க கிளாஸுக்கு வந்தும் நான் ஃபெயிலாயிட்டேன்க்கா. உங்க முகத்துல முழிக்கவே கூச்சமா இருந்துச்சு’ என்றாள்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, தாய் நல்லபடியாக எழுந்து நடக்கிறாள், அதை அவள் ஃபெயில் என்று நினைக்கிறாள் என்றால் அந்த மார்க் ஷீட்டைப் போட்டுக்கொடுத்தது என் ரோஸ் நோட்டீஸ்தான். வீட்டுக்கு வந்ததும் மிச்சம் இருந்த அறுநூறு சொச்சத்தையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டேன். மூன்று ரூபாயோ என்னவோ கொடுத்தார்.

நாட்டு நிலவரத்தையும் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவம் சிசேரியன். அதற்கு முந்தைய 2015-16 கணக்கெடுப்பில் இது 34.1 ஆக இருந்தது. தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. இவ்வளவு தேவையா என்பது தனிச் சண்டை, தேவைக்கு மேல் நடக்கிறது என்பதுதான் என் எண்ணம், ஆனால் அந்தச் சண்டையை உங்கள் மாடி அறையில் ஒன்பது மாத வயிற்றுக்காரியின் தலையில் ஏற்றக் கூடாது. உங்களிடம் காசு கொடுத்து வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தனியாரில் பார்ப்பவர்களாகத்தான் இருப்பார்கள். பத்துப் பேர் வந்தால் ஐந்தாறு பேர் ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வாய்ப்பிருக்கிற ஊரில் ‘நார்மல் டெலிவரி வகுப்பு’ என்று போர்டு மாட்டினால், பாதிக்கு மேற்பட்டவர்கள் தோற்றுப்போன மனசோடு வெளியே போவார்கள். அவர்கள் யாரிடமாவது ‘நீயும் போ’ என்று சொல்லுவார்களா? நம் தொழிலில் விளம்பரமே அந்த ‘நீயும் போ’தான்.

சரி, அப்படியானால் எதைச் சொல்லி விற்பது? நான் இப்போது சொல்வது இதுதான், வார்த்தை மாறாமல்: ‘வலி வந்ததிலிருந்து பிள்ளைக்குப் பால் கொடுக்கிற வரைக்கும் என்னென்ன நடக்கும், எப்போ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும், வலியை எப்படித் தாங்கலாம், ஆபரேஷன்னு சொன்னா என்ன கேக்கணும், கூட இருக்கிறவங்க என்ன செய்யணும், இதைச் சொல்லிக் கொடுக்கிறேன். ஆறு வகுப்பு.’ இவ்வளவுதான். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, நடக்காமல் போக வாய்ப்பும் இல்லை. இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைப்பதில்லை. நீங்களும் உங்கள் பாணியில் இப்படி ஒன்றை எழுதி, சத்தம் போட்டுச் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் குரல் இறங்குகிறதோ அந்த இடத்தில் கொஞ்சம் பொய் கலந்திருக்கிறது, அதை வெட்டுங்கள்.

இந்த வாக்குறுதிக்கு வந்துவிட்டால் உங்கள் தையல் தழும்பு குறையாகத் தெரியாது. முதுகில் ஊசி போடும்போது எப்படிக் குனிந்து உட்கார வேண்டும், பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் இழுக்கிற மாதிரி அமுக்குகிற மாதிரி தெரியும் ஆனால் வலிக்காது என்பது, தியேட்டரில் பல் கிட்டித்து நடுங்குவது, மறுநாள் ஒருக்களித்துக் கையை ஊன்றி எழுந்திருக்கும் வித்தை, தையல் இழுக்க இழுக்கச் சீம்பால் கொடுப்பது. எனக்கு இரண்டும் சுகப்பிரசவம், இதையெல்லாம் வார்டில் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன். நீங்கள் பட்டுச் சொல்வீர்கள். போதாக்குறைக்கு பிசியோதெரபி வேறு. இடுப்பெலும்பு எப்படி விரியும், எந்த நிலையில் உட்கார்ந்தால் முதுகு வலி குறையும் என்று உங்களுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது.

இப்போது அப்பத்தா கேள்வி. இதற்கு எரிச்சல்படக் கூடாது, அது நியாயமான கேள்வி. நான் சொல்லும் பதில்: ‘நீங்களும் கிளாஸுக்குப் போனவங்கதான் அப்பத்தா, ஃபீஸ் மட்டும் கட்டலை.’ அவர்கள் காலத்தில் ஒரு பெண் தன் பிரசவத்துக்கு முன்னால் அத்தை, அக்கா, சித்தி என்று நாலைந்து பேறுகாலத்தை வீட்டிலேயே பார்த்திருப்பாள், வெந்நீர் எடுத்துக் கொடுத்திருப்பாள், மருத்துவச்சி என்ன சொல்கிறாள் என்று கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருப்பாள். சூட்டு வலி என்கிற பொய் வலி எது, நிஜமான இடுப்பு வலி எது, சீரகத் தண்ணி குடித்தால் எது அடங்கும், எது அடங்காது என்பது காதில் விழுந்துகொண்டே இருக்கும். இன்றைக்கு ஐ.டி.யில் வேலை பார்க்கிற பெண் பிரசவ அறை என்ற ஒன்றை முதன்முதலில் பார்ப்பதே தன் வலியோடு உள்ளே போகும்போதுதான். நடுவில் அறுந்துபோன அந்தப் பேச்சைத்தான் நாம் ஆறு வகுப்பில் கட்டிப் பார்க்கிறோம்.

ஆனால் அந்தக் காலத்தைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் கூடாது. பழைய சாலையோரங்களில் இரண்டு கல்லை நட்டு மேலே ஒன்றைப் படுக்கப்போட்ட சுமைதாங்கி பார்த்திருப்பீர்களே. வயிற்றுச் சுமையை இறக்காமலே செத்துப்போன பெண்ணின் நினைவாக, போகிற வருகிறவர்கள் தலைச்சுமையையாவது இறக்கிவைக்கட்டும் என்று நட்டது அது. எட்டுப் பெற்ற அப்பத்தாவிடம் அதில் எத்தனை தங்கியது என்று மெதுவாகக் கேட்டேன். அஞ்சு என்றார். அப்புறம் வெகுநேரம் பேசவில்லை. மறுமாதம் தன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தவரும் அவர்தான்.

அடுத்து ‘ஹோலிஸ்டிக்’ என்ற சொல்லைப் போர்டில் போடுவது பற்றி. பயிற்சியில் அந்தச் சொல்லைக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள், சான்றிதழிலும் இருக்கும். உடம்பு, மனசு, சாப்பாடு, குடும்பம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது என்ற நல்ல அர்த்தம்தான். ஆனால் போர்டில் போட்டால் நம் ஊரில் பாதிப் பேர் ஹோமியோபதி என்று நினைத்து மூட்டு வலிக்கு மருந்து கேட்டு வருவார்கள், எனக்கு நிஜமாகவே இரண்டு பேர் வந்தார்கள். மீதிப் பேருக்கு வேறு பயம். 2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஒரு பெண் இறந்துபோனார், அடுத்த மாதமே கோவையில் வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி என்று விளம்பரம் செய்தவர் கைதானார். அதற்குப் பிறகு ‘இயற்கை’, ‘முழுமை’ என்று யார் ஆரம்பித்தாலும் டாக்டர்களும் சுகாதாரத் துறையும் புருவத்தைத் தூக்குகிறார்கள், அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. எனவே கூச்சப்படாமல் முதல் வரியிலேயே போடுங்கள்: பிரசவம் ஆஸ்பத்திரியில்தான், நான் பிரசவம் பார்ப்பதில்லை, மருந்து கொடுப்பதில்லை, டாக்டர் சொன்னதை மாற்றிச் சொல்வதில்லை. எதைச் செய்ய மாட்டேன் என்று எழுதிவைப்பது பயந்தாங்கொள்ளித்தனம் போலத் தோன்றும். எனக்கென்னவோ அதை எழுதிய பிறகுதான் முதுகு நிமிர்ந்தது. வேலி தெரிந்துவிட்டால் அதற்குள் தைரியமாக நடமாடலாமே.

அந்த ஒரு பக்கத் தாளை எடுத்துக்கொண்டு மகப்பேறு டாக்டர்களைப் போய்ப் பாருங்கள். எனக்கு முதல் அனுபவம் கசப்பு. ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு மணி நேரம் காக்க வைத்து, ‘என் பேஷன்ட்டுங்களைக் கெடுக்க வந்தியா’ என்று கேட்டார் அந்த அம்மா. ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தேன். பிறகு யோசித்தால் அவர் பக்கமும் புரிந்தது. ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேரைப் பார்க்கிறவரிடம், இன்டர்நெட்டில் படித்துவிட்டு ‘எனக்கு ஊசி வேண்டாம், அது வேண்டாம் இது வேண்டாம்’ என்று ஒருத்தி மல்லுக்கு நின்றால் யாருக்குத்தான் பயம் வராது. அதிலிருந்து நான் போகிற இடத்தில் முதலில் சொல்வது, ‘உங்ககிட்ட சண்டை போடச் சொல்லித்தர மாட்டேன் மேடம், கேள்வி கேக்கச் சொல்லித் தருவேன். சூட்டு வலிக்கெல்லாம் ராத்திரி ரெண்டு மணிக்கு உங்களை எழுப்ப மாட்டாங்க’. இரண்டாவது வாக்கியத்துக்குச் சிரிக்காத டாக்டரை நான் இன்னும் பார்க்கவில்லை. காலை ஓ.பி. நேரத்தில் போகாதீர்கள், மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் போங்கள். பத்துப் பேரைப் பார்த்தால் இரண்டு பேர் அனுப்புவார்கள். இரண்டு பேர் போதும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நம் பக்கத்தில் உங்கள் வாடிக்கையாளர் கர்ப்பிணி என்று நினைத்தால் தப்பு. தலைப்பிரசவம் தாய்வீட்டில். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு போட்டுக் கூட்டிவந்த பிறகு, பெண்ணை எங்கே அனுப்பலாம், யாரைப் பார்க்கலாம், எதற்குக் காசு கொடுக்கலாம் என்பதெல்லாம் அவளுடைய அம்மாதான் தீர்மானிப்பார். இன்ஸ்டாகிராமில் நீங்கள் பெண்ணுக்கு ரீல்ஸ் போடுகிறீர்கள், அம்மாவோ அடுப்படியில் பிரசவ லேகியத்துக்கு இடித்துக்கொண்டிருக்கிறார். அந்த அம்மா இருக்கிற இடத்துக்குப் போக வேண்டாமா?

அந்த இடம் வளைகாப்புதான். எனக்கு முதல் வாய்ப்பு வந்தது வில்லாபுரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில், தெரிந்தவர் வீட்டு விசேஷம். வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, கலவைச் சாதம் பரிமாறுவதற்கு முன்னால் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் தயாராகத்தான் போனேன். 1933-லேயே இங்கிலாந்தில் கிராண்ட்லி டிக்-ரீட் என்ற டாக்டர் பயம் இறுக்கத்தையும் இறுக்கம் வலியையும் கூட்டுகிறது என்று எழுதினார், 1951-ல் ஃபெர்னாண்ட் லமாஸ் என்ற பிரெஞ்சு டாக்டர் சோவியத் யூனியனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பாரிஸில் மூச்சுப் பயிற்சி முறையைப் பரப்பினார் என்று ஆரம்பித்தேன். எல்லாம் உண்மை, எல்லாம் நல்ல விஷயம். மூன்றாவது நிமிடத்தில் பின்வரிசையில் ஒரு அம்மா ‘புளியோதரை ஆறுது’ என்றார்.

மானம் போச்சு. கையில் மைக்கோடு நின்றவளுக்குத் திடீரென்று பையில் பலூன் இருப்பது ஞாபகம் வந்தது, மறுநாள் வகுப்புக்காக விளக்குத்தூண் பக்கம் வாங்கியது. அதை எடுத்தேன். பலூனுக்குள் ஒரு டேபிள் டென்னிஸ் பந்தைப் போட்டு ஊதினால், தலைகீழாகப் பிடிக்கும்போது பந்து பலூனின் கழுத்தில் வந்து உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும், முடிச்சுப் போட வேண்டாம். ‘இதுதான் கர்ப்பப்பை, இதுதான் அதோட வாய், பந்துதான் பிள்ளைத் தலை’ என்றேன். பக்கவாட்டில் இரண்டு கையாலும் அமுக்கினேன், கழுத்து அப்படியே இருந்தது. ‘இது சூட்டு வலி, எத்தனை தடவை வந்தாலும் வாய் திறக்காது.’ அப்புறம் பலூனின் மேல்பக்கத்திலிருந்து விட்டு விட்டு அமுக்கினேன். நீளமாக இருந்த கழுத்து கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகி, மெலிந்து, விரிய ஆரம்பித்தது. ‘இது நெச வலி. முதல்ல வாய் மெலியணும், அப்புறம்தான் திறக்கும். அதனாலதான் தலைச்சன் பிள்ளைக்கு இம்புட்டு நேரம்.’ மண்டபத்தில் சத்தமே இல்லை. இன்னும் நாலு அமுக்கு, பந்து பொத்தென்று வெளியே விழுந்து தரையில் துள்ளிக்கொண்டு போனது, ஒரு சின்னப் பையன் அதைத் துரத்தினான், எல்லாரும் சிரித்துவிட்டார்கள். புளியோதரை அம்மா எழுந்து வந்து, ‘மூணு பெத்திருக்கேன், உள்ள இதுதான் நடந்துச்சுன்னு இன்னைக்குத்தான் தெரியுது’ என்றார். அன்றைக்கு நாலு பேர் நம்பர் வாங்கிக்கொண்டார்கள்.

அந்தப் பலூனை வைத்து நாற்பது விநாடி வீடியோ எடுங்கள், முகம் தெரிய வேண்டிய அவசியம்கூட இல்லை, கையும் குரலும் போதும். உங்களைப் போன்ற கூச்சக்காரர்களுக்குக் கையில் ஒரு பொருள் இருப்பது பெரிய துணை. எல்லார் கண்ணும் பந்தின் மேல் இருக்கும், உங்கள் மேல் இருக்காது.

அம்மாக்களிடம் பேச இன்னொன்றும் கைவசம் வைத்திருக்கிறேன். திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை தெரியாதவர்கள் குறைவு. காவிரியில் வெள்ளம், பிள்ளைத்தாய்ச்சி மகளிடம் வர முடியாமல் அம்மா அக்கரையில் மாட்டிக்கொள்ள, சிவனே அந்த அம்மா உருவத்தில் வந்து பேறுகாலம் பார்த்தார் என்பது தலபுராணம். கூட ஒரு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. இதையே 2017-ல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் சொல்கிறது: 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், வலி நேரம் முழுக்க ஒருவர் கூடவே இருந்தால் சிசேரியன் குறைகிறது, வலி நேரமும் குறைகிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண் இருக்க அனுமதி உண்டு. ஆனால் அந்தத் துணை உள்ளே போய் ‘ஐயோ என் பிள்ளை’ என்று அழுதால் அவரையும் சேர்த்து நர்ஸ்தான் தேற்ற வேண்டும். அதனால் என் வகுப்பில் ஐந்தாவது நாள் அம்மாவோ மாமியாரோ கட்டாயம் வர வேண்டும், இடுப்பை எங்கே அமுக்கிவிடுவது, எப்போது பேசாமல் இருப்பது என்று அவர்களுக்குத்தான் பாடம். இதை ஆரம்பித்த பிறகு எனக்கு ஆள் சேர்க்கும் வேலையே குறைந்துபோனது. அந்த அம்மாக்கள் போய் அவர்கள் தெருவில் சொல்லிவிடுகிறார்கள்.

புருஷன்மார்களுக்கு வகுப்பை சனிக்கிழமை வையுங்கள். சென்னையில் வேலை பார்க்கிறவன் வெள்ளிக்கிழமை ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி விடியக்காலை இறங்குவான், பத்து மணிக்குக் கொட்டாவியோடு வந்து உட்காருவான். டீ கொடுங்கள்.

காசு விஷயம். இலவசமாகச் சொல்லிக்கொடுத்தால் வகுப்புக்கு வர மாட்டார்கள், சொந்தக்காரர்கள் முக்கியமாக. உங்கள் இரண்டு சொந்தக்காரப் பிள்ளைகளும் எத்தனை வகுப்பு வந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள், நான் சொல்ல வேண்டியதில்லை. என் கட்டணம் ஆறு வகுப்புக்கு 4,500. ஆரம்பத்தில் 1,800 வாங்கினேன், அதைச் சொல்லவே கண்ணைத் தரையில் வைத்துக்கொள்வேன். இப்போது ஒரு பழக்கம்: தொகையைச் சொன்னதும் வாயை மூடிக்கொள்வது. ‘நாலாயிரத்து ஐநூறு’ என்று சொல்லிவிட்டு அவர்கள் பேசுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். நாம்தான் அந்த இரண்டு விநாடி தாங்காமல் ‘முடியலைன்னா குறைச்சுக்கலாம்’ என்று நாமே முந்திக்கொள்கிறோம். நிஜமாகவே முடியாதவர்கள் வருவார்கள், மாதத்துக்கு ஒரு இடம் அவர்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறேன், அது விளம்பரத்தில் கிடையாது. வரவு செலவைத் தனி நோட்டில் எழுதுங்கள். உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு இலவசம், அதற்கு ஏஜென்ட் யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

முதல் போஸ்ட் என்ன போடுவது என்று குழம்ப வேண்டாம். விற்பனையே இல்லாத ஒன்றைப் போடுங்கள்: எந்தெந்த அறிகுறி தெரிந்தால் வகுப்பு, வலி, நல்ல நேரம் எதையும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்ற பட்டியல். ரத்தப்போக்கு, பிள்ளையின் அசைவு குறைவது, பனிக்குடம் உடைவது, அதிலும் தண்ணீர் பச்சையாக வந்தால் உடனே, தாங்க முடியாத தலைவலியோடு கண் மங்குவது, வலிப்பு. கடைசியில் 108. இதைப் போட யாருக்குக் கூச்சம் வரும்? இது நாலு பேர் குரூப்பில் ஃபார்வர்டு ஆகும், உங்கள் பெயரும் கூடவே போகும். அடுத்தது கொடி சுற்றியிருப்பதைப் பற்றிப் போடலாம். ஸ்கேனில் ‘கொடி சுத்தியிருக்கு’ என்று கேட்டதும் வீடே கலங்கிவிடுகிறது, நாலைந்து பிள்ளைகளில் ஒன்றுக்குக் கழுத்தில் கொடி சுற்றியிருக்கும், பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை என்று சொன்னால் எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள். தேதியைப் பற்றியும் எழுதுங்கள், டாக்டர் குறித்த அதே தேதியில் பிறப்பது நூற்றில் நாலைந்து பிள்ளைதான். ஒன்றே ஒன்றைத் தொடாதீர்கள்: வயிற்றைப் பார்த்து ஆணா பெண்ணா என்று ஊகிக்கிற விளையாட்டு. வளைகாப்பில் எல்லாரும் சிரித்துக்கொண்டே செய்வார்கள், லைக் அள்ளும் என்று தோன்றும். பாலினத்தைக் கண்டறிவதும் அதற்கு விளம்பரம் செய்வதும் 1994 சட்டப்படி குற்றம், நம் வேலைக்கும் அது அழகில்லை.

இன்னொரு சர்டிபிகேட் வாங்கிவிட்டு ஆரம்பிக்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அந்தக் காசுக்கு மூன்று மாத வாடகை கொடுங்கள். தெரிந்த வீட்டில் வளைகாப்பு எப்போது வருகிறது என்று விசாரித்து, பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் வேண்டாம், வளையல் போட்டு முடிந்த கையோடு.

பலூன் வாங்கும்போது பெரிய சைஸ், கொஞ்சம் கனமான ரப்பராகப் பார்த்து வாங்குங்கள். சின்னதில் பந்து நுழையாது, முதல் தடவை நான் அரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு திணித்தேன். முந்தின நாளே ஒருமுறை ஊதித் தளர்த்தி வைத்துக்கொள்ளுங்கள், பையில் உபரியாக மூன்று இருக்கட்டும், பந்து இரண்டு. ஒன்றை எப்படியும் ஏதாவது ஒரு பையன் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.